படுகையின் காணா விளைச்சல்

ஆறு என்றதும் ஓடும் நீரையே மக்கள் நினைப்பர். ஆயின் ஆற்று வாழ்வின் பெரும்பகுதி நீருக்கடியில், மணலிலும் சேற்றிலும் நடைபெறுகிறது. ஒரு மில்லிலிட்டர் ஆற்றுநீரில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பாக்டீரியாக்கள் வாழும். அதே அளவு வண்டலிலோ நூறு கோடி வரை வாழக்கூடும். கரையிலிருந்து உதிர்ந்த இலை மட்கிக் கரைந்தபின் அதனை உண்டு மீண்டும் உயிர்ப்பொருளாக்குபவை இவையே. இவற்றைப் புழுக்கள் உண்ணும். புழுக்களை மீன்கள் உண்ணும்.

இவற்றின் தொகையை அறிவது அத்துணை அரிதன்று. ஹாபியும் உடன் ஆய்ந்தோரும் 1977இல் செம்மைப்படுத்திய முறைப்படி, ஆக்ரிடின் ஆரஞ்சு என்னும் சாயமேற்றி நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். ஆனால் தொகை வேறு, விளைச்சல் வேறு. குதிரில் கிடக்கும் நெல்லைப் பார்த்து, இவ்வாண்டு வயல் எவ்வளவு விளைந்தது என்று கூற இயலுமா? பாக்டீரியாக்களுள் பல உறங்கிக் கிடக்கும்; சில விரைந்து பெருகும்; பெருகியவற்றை ஓரணு உயிர்கள் அவ்வப்போதே தின்று தீர்க்கும். தொகை மாறாதிருக்க, விளைச்சல் மிகுந்திருக்கும்.

ஆகவே வளர்ச்சியையே அளக்க வேண்டியதாயிற்று. கதிரியக்கம் ஏற்றிய தைமிடினைக் கடல்நீர்ப் பாக்டீரியாக்களுக்கு ஊட்டி, மரபுப்பொருள் உருவாகும் வேகத்தை அளக்கும் முறையை ஃபூர்மனும் ஆசாமும் 1980இல் வெளியிட்டனர். 1985இல் கிர்ச்மனும் துணைவரும் லியூசின் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்டு புரத ஆக்கத்தை அளந்தனர். லியூசினைச் சிறிதளவு கொடுத்து, குறித்த நேரம் பொறுத்து, ஃபார்மலினிட்டு வளர்ச்சியை நிறுத்தி, புரதத்தில் ஏறிய கதிரியக்கத்தை எண்ணுவர்.

நீரில் எளிதாக நடந்த இவ்வேலை வண்டலில் திணறிற்று. களிமண் துகள்கள் லியூசினைத் தாமே பற்றிக்கொள்ளும். அதனால், தொடக்கத்திலேயே ஃபார்மலினிட்டுக் கொன்ற மற்றொரு மாதிரியையும் உடன்வைத்து, அதன் கணக்கைக் கழிக்க வேண்டும். வீண்வேலைபோல் தோன்றும் இச்செத்த மாதிரியே ஆய்வின் மானத்தைக் காப்பது. மேலும், மண்ணை நீரில் கலக்கினால் உயிர்வளியற்ற அடித்தளமும் மேற்பரப்பும் ஒன்றாகிவிடும். அங்கு அளக்கப்படுவது ஆற்றுப்படுகையன்று, ஆய்வாளர் கலக்கிய குழம்பே. ஜெர்மனியின் ஹெசன் பகுதியில் ஓடும் பிரைட்டன்பாக் என்னும் சிற்றோடையை ஆய்ந்த மார்க்சன் முதலியோர், படுகை மணலைக் குழாயிலிட்டு, ஓடைநீரை அதனூடே மெல்லச் செலுத்தும் வழியைக் கையாண்டனர்.

இத்தனைக்குப் பின்னும் இறுதிக் கணக்கில் ஓர் ஐயம் நிற்கும். ஒரு மோல் லியூசின் ஏறினால் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் கரிமம் விளைந்ததாக, சைமன், ஆசாம் ஆகியோரின் 1989ஆம் ஆண்டு ஆய்வை ஒட்டிக் கணக்கிடுவர். ஆனால் உயிரணுவுக்குள் கதிரியக்கமற்ற லியூசினும் சம அளவில் கலந்திருந்தால், விடை இருமடங்காகிவிடும். இதனைத் தெளிய, லியூசினைப் படிப்படியாகக் கூட்டி, ஏற்பு மேலும் உயராத எல்லையைக் காண முயல்வர். மணலுக்குக் கண்ட எல்லை சேற்றுக்குப் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. புதிய படுகைக்குச் செல்லுந்தோறும் அச்சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.