நெய்தலில் நான்கு நாள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே நாள் வாடகைக்குக் கிடைக்கும் கடலோர மாளிகைகளின் விளம்பரங்களில் முதற்படம் பெரும்பாலும் நீச்சல்குளம்தான். வங்கக் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குளத்தைக் காட்டுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இக்கரையில் அலையின் இழுப்பு கடுமையானது. குளிக்க இறங்கியோர் மாண்ட செய்திகள் ஓய்வதில்லை. ஆகவே குளத்தைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

எங்கள் தேவை வேறு. உடன்பிறந்தோர் மூவரின் குடும்பங்களும் அம்மாவும் நான்கு நாள் ஒன்றாகத் தங்க வேண்டும். அம்மா சமைக்க வேண்டும். எண்பதை எட்டும் அவர் எங்கள் மூவருக்கும் சேர்த்துச் சமைத்துப் பல ஆண்டுகள் ஆயின. இனி எத்தனை முறை வாய்க்கும் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. விடுதியை விலக்கித் தனி வீடு தேடியது இதற்காகத்தான்.

'சமையலறை உண்டு' என்ற தொடரை அப்படியே நம்பலாகாது. ஒரு வீட்டில் அதன் பொருள் ஒற்றை மின்னடுப்பும் நான்கு கோப்பைகளும். இன்னொன்றில் பளிங்கு மேடை, புகைபோக்கி எல்லாம் உண்டு. புலால் மட்டும் கூடாதாம். மீனும் உப்பும் கருப்பொருளான நிலத்தில் மீன் ஏறாத அடுப்பு! திணைமயக்கம் என்று எந்த உரையாசிரியரும் இதற்கு அமைதி கூறத் துணியார்.

மூன்றாவது வீடு அலைக்கு மிக அருகில், கண்ணாடிச் சுவருடன் நின்றது. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை, ஊரகக் கரைகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழலாகாது என்றது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு 2019ஆம் ஆண்டின் அறிவிக்கை அதனை 50 மீட்டராகச் சுருக்கியது. வீட்டுக்காரரிடம் கட்டிய ஆண்டைக் கேட்டோம். பேச்சு நீச்சல்குளத்துக்குத் திரும்பிவிட்டது. ஆயினும் எங்களுக்கு அவ்வீட்டின்மீதுதான் ஆசை.

அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கிட்டத்துல வேண்டாம்ப்பா" என்றார். அவர் நாகப்பட்டினத்துக்காரர். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அவ்வூர்க் கடற்கரைக்கு அவர் ஒருமுறைகூடச் சென்றதில்லை. நாங்களும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

அவர் தேர்ந்தது சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீடு. படியேற வேண்டாம். கடல் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். வாடகை மட்டும் மாளிகைக்குரியது. கோவளத்தில் படகுகள் கரையேறும் நேரத்தை விசாரித்து வைத்திருக்கிறோம். அம்மி உண்டா என்று கேட்கச் சொன்னார் அம்மா. தோட்டத்தில் அழகுக்காகக் கிடக்கிறதாம். கழுவித் தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.