விமானச் சாளரத்தில் விரியும் வரைபடம்

நம் சமுதாயத்தில் விமானப் பயணம் இன்று புதுமையன்று. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் பிழைப்புக்குமாக அரபிக்கடலைக் கடந்தவர்கள் ஊர்தோறும் உளர். ஆயினும் போய் வந்தவரிடம், "வழியில் என்ன கண்டீர்கள்?" என வினவினால், "மேகமும் கடலும் கண்டேன்" என்பதோடு விடை முடிந்துவிடுகிறது. காலடியில் ஓர் உலகமே விரிந்து கிடந்தும் அதன் பெயர் தெரியாமற் போவது பெருங்குறையன்றோ?

விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கையில், வானம் தெளிவாயிருந்தால் தொடுவானம் ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தொலைவில் அமையும். உயரம் கூடக்கூடத் தொடுவானம் தாழ்ந்து தோன்றும் இந்த இயல்பைக் கொண்டுதான் 11-ஆம் நூற்றாண்டில் அறிஞர் அல்பிரூனி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா மலைக்கோட்டையிலிருந்து பூமியின் ஆரத்தைக் கணித்தார். அவருக்கு ஒரு மலையுச்சி தேவைப்பட்டது. நமக்கோ சாளர இருக்கை ஒன்று போதும்.

கீழே தெரிவது எந்த இடம் என அறியக் கைப்பேசியே துணை செய்யும். அதிலுள்ள ஜி.பி.எஸ். கருவி எதையும் அனுப்புவதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குறிப்புகளைப் பெறுவதோடு சரி. ஆகவே 'விமான நிலை'யில் வைத்தாலும், இணையம் இல்லாவிடினும் அது இயங்கும். ஆனால் வரைபடம் முன்கூட்டியே கைப்பேசியில் இருத்தல் வேண்டும். கூகுள் மேப்ஸ், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் வழியிலுள்ள பகுதிகளை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பேசியைக் கண்ணாடியருகே சில நிமிடங்கள் பிடித்திருந்தால், நாம் இருக்குமிடம் ஒரு நீலப்புள்ளியாய்த் தோன்றும். பணியாளர் வேண்டாமென்றால் அணைத்துவிடுவதே முறை.

வரைபடத்தை விமானம் செல்லும் திசைக்கேற்பத் திருப்பிக்கொள்ளுங்கள். வடக்கு மேலேதான் இருக்கவேண்டும் என்ற விதியில்லை. 1154-இல் சிசிலியில் அல்இத்ரீஸி முடித்த உலகப் படத்தில் தெற்கே மேலிருந்தது.

சென்னையிலிருந்து ஜித்தா செல்லும் பகல்நேர விமானத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் தென்படுபவை நம் ஏரிகள். ஒரு பக்கம் வில்லாய் வளைந்த கரையும், மறுபக்கம் விரல்களாய்ப் பரவிய நீரும் கண்டால் அது ஏரியே. வெண்மணற் பட்டையாய்க் கிடப்பது பாலாறு. பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் கிழக்கே பழுப்பு, மேற்கே பசுமை. அதன்பின் நெடுநேரம் கடல். ஓமன் கரையைத் தாண்டியதும் ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டர் பரந்த 'ருபுஉல் காலீ' பாலை, அலையலையாய் மணல்மேடுகளோடு விரியும்.

வாதித் தவாஸிர் வட்டாரத்தில் பாலையின் நடுவே பச்சை வட்டங்கள் தோன்றும். கிணற்றை மையமாக்கிச் சுழலும் நீண்ட குழாயினால் பாசனம் பெறும் வயல்கள் அவை. அந்நீர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையின் சேமிப்பு. எடுத்த அளவுக்கு மீண்டும் ஊறாதது. இதனாலேயே உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்கச் சவூதி அரசு 2008-இல் முடிவு செய்தது. நீரை வீணாக்காதீர் என்னும் பாடத்தை வானிலிருந்து படிக்க இதைவிடச் சிறந்த பக்கம் உண்டோ?

அடுத்து 'ஹர்ரா' எனப்படும் எரிமலைக் கருங்கற் பரப்பு. அப்பால் சுமார் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள தாயிஃப் மலைநாடு. உம்ரா பயணிக்கு வரைபடம் வெறும் வேடிக்கையாய் இல்லாமற் போவது இங்கேதான். தாயிஃபுக்கு அருகிலுள்ள கர்னுல் மனாஸில், நஜ்து திசையிலிருந்து வருவோருக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த மீக்காத். இராக் மக்களுக்கு அவ்விடம் வழிவிலகி இருந்தமையால், அதற்கு நேராகத் தம் பாதையிலுள்ள இடத்தைப் பார்க்குமாறு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பணித்து, தாத்து இர்க்கை எல்லையாக்கினார்கள். அந்த 'நேர்' என்னும் அளவே விமானப் பயணிக்கும் வழிகாட்டுகிறது.

ஒட்டகப் பயணி அங்கே இறங்கி, குளித்து, இஹ்ராம் உடுத்த நேரமிருந்தது. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானமோ ஒரு நிமிடத்தில் 14 கிலோமீட்டரைக் கடந்துவிடும். அறிவிப்பு வரும் வேளையில் உறங்கியிருப்போரும் உண்டு; மொழி விளங்காதோரும் உண்டு. எனவே இஹ்ராம் உடையை ஊரிலேயே அணிந்துகொள்ளுங்கள். மீக்காத்தை வரைபடத்தில் முன்பே குறித்து வைத்து, புள்ளி அதனை நெருங்குமுன் நிய்யத்தும் தல்பியாவும் சொல்லிவிடுங்கள். சற்று முந்துவதால் இஹ்ராமுக்குக் குறைவில்லை. பிந்தினால் பரிகாரம் தேட நேரும்.

அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது, பிள்ளைகளைக் கொண்டே வரைபடத்தை இறக்கச் சொல்லுங்கள். பெரியவர்க்கு மீக்காத்தும் சிறியவர்க்குப் பூகோளமும் ஒரே திரையில் கிட்டும்.