மணிக்கு ஒரு வரி

உள்ளே நுழைவதற்கான என் சாவியைத் தூரத்து மெஷினில் வைத்தாயிற்று. ஒரு தடவை நேராக உள்ளே போய், அதன் கைரேகையைச் சரிபார்த்து, இதுதான் என்று ஒப்புக்கொண்டும் ஆயிற்று. இனிமேல் கடவுச்சொல் கேட்காது. எல்நேவ் என்கிற லாக் படிக்கும் மென்பொருளுக்குப் பயனர் பெயர், சர்வர் பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஃபைல் இருக்கிற பாதை எல்லாவற்றையும் ஒரே வரியில் கொடுத்து என்டரைத் தட்டினேன். இரண்டு மூச்சு நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு மும்பையில் இருக்கிற மெஷினின் வரிகள் உடுமலையில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. அந்த இரண்டு மூச்சுக் காத்திருப்பில்தான் அப்பாவின் கறுப்பு போன் ஞாபகம் வந்தது.

அப்பா 110 கே.வி. துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தார். குவார்ட்டர்ஸுக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான். நைட் ஷிஃப்ட் என்றால் அம்மா என் கையில் தூக்குப்போசியைக் கொடுத்து அனுப்புவாள். 9 மணி ரீடிங் எடுக்கிறவரை இருந்துவிட்டுத்தான் திரும்புவேன். மேஜையை அடைத்துக்கொண்டு கிடக்கும் பெரிய தாளுக்கு லாக் ஷீட் என்று பெயர். பக்கவாட்டில் மணி, மேலே கட்டம் கட்டமாக வோல்டேஜ், ஒவ்வொரு ஃபீடருக்கும் ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயின் சூடு, வைண்டிங்கின் சூடு. டார்ச்சோடு அவர் யார்டுக்குள் போனால் நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பேன். டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். அதன் பக்கவாட்டில் தொங்கும் கண்ணாடிக் குப்பியில் சிலிக்கா ஜெல் மணிகள் இருக்கும். நீலமாக இருந்தால் காய்ந்திருக்கிறது, ரோஸ் ஆகிவிட்டால் ஈரம் ஏறிவிட்டது. "என்ன கலர் கண்ணு?" என்று உள்ளேயிருந்து கேட்பார். அவருக்குத் தெரியாமல் இல்லை. என்னையும் ரீடிங்கில் சேர்த்துக்கொள்வதற்காகக் கேட்பார்.

மணி அடித்துச் சற்று நேரத்தில் கறுப்பு போன் ஒலிக்கும். லோடு டெஸ்பேட்ச் சென்டரிலிருந்து. அப்பா எண்களை ஒவ்வொன்றாகப் படிப்பார், அந்தப் பக்கத்தில் எழுதுகிறவர் திருப்பிச் சொல்வார். அது தெருவில் வரும் டெலிபோன் லைன் அல்ல. மின்சாரம் போகிற அதே உயரழுத்தக் கம்பியில் குரலும் சேர்ந்து போகும். பி.எல்.சி.சி. என்பார்கள். யாரும் பார்க்காத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு யார்டின் எண்ணெய்ச் சூட்டை இன்னொருவர் தெரிந்துகொள்வது எனக்கு அப்போதே பெரிய அதிசயம்.

எல்நேவும் இப்படித்தான் செய்கிறது. சர்வரில் எதையும் முன்கூட்டியே நிறுவத் தேவையில்லை. எஸ்.எஸ்.எச். என்கிற மறைகுறியாக்கிய இணைப்பு வழியாகத் தன் ஆள் ஒருவனை அங்கே அனுப்பி வைக்கிறது. டெய்லர் என்று பெயர், யூனிக்ஸில் ஃபைலின் கடைசி வரிகளைக் காட்டும் 'டெய்ல்' கட்டளையை, அதாவது வாலை, ஒட்டி வந்தது. அவன் ஃபைல் பக்கத்தில் உட்கார்ந்து, புது வரி விழ விழ இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறான். எஸ்.எஸ்.எச். 1995-இல் ஃபின்லாந்தில் பிறந்தது. பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டார்கள், அங்கிருந்த தத்து யூலோனன் அதற்குப் பதிலாக இதை எழுதினார். எஃப்.டி.பி.யின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவில் காலியாக இருந்த 22-ஆம் போர்ட்டைக் கேட்டு வாங்கினார். அதற்கு முன்னால் கடவுச்சொற்கள் கம்பியில் அம்மணமாகப் போய்க்கொண்டிருந்தன என்பதை இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை.

லாக் படிப்பதற்கு, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக உள்ளே போவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உபுண்டுவில் பெரும்பாலான லாக் ஃபைல்களை 'ஏ.டி.எம்.' என்கிற குழுவில் இருப்பவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. நம் பயனரை அதில் சேர்த்தால் போதும். சேர்க்கிற கட்டளையில் 'ஏ' என்ற எழுத்தை மறந்தால் ஏற்கெனவே இருந்த குழுக்கள் எல்லாம் போய்விடும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். சேர்த்த பிறகு வெளியே வந்து மறுபடி நுழைந்தால்தான் செல்லும். அப்பாவின் கன்ட்ரோல் ரூமுக்கு உதவிப் பொறியாளரான ஏ.இ. வந்தாலும் லாக் ஷீட்டைப் புரட்டிப் பார்ப்பார், ஆனால் பேனா அப்பாவின் சட்டைப்பையில்தான் இருக்கும். தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரே கோடு, பக்கத்தில் இனிஷியல், மேலே சரியான எண். அடித்த எண்ணும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

ஏன் அப்படி என்று எல்.சி. கொடுத்த ஒரு நாளில் சொன்னார். லைனில் ஏறி வேலை செய்யப் போகிறவருக்கு மின்சாரத்தை நிறுத்திக் கொடுக்கும் அனுமதிக்கு எல்.சி. என்று பெயர். "10.42-க்கு எல்.சி. குடுத்தேன்னு இங்க எழுதியிருக்குது. அவன் திருப்பிக் குடுக்கிறவரைக்கும் அடுத்த ஷிஃப்ட்காரன் சுவிட்ச் போடக் கூடாது. அந்த வரியை நம்பித்தான் கம்பத்துல ஒருத்தன் உக்காந்திருக்கறான் கண்ணு."

கன்ட்ரோல் ரூம் கடிகாரத்தை அவர் ரேடியோ செய்திக்கு முன் வரும் பீப் ஒலியை வைத்துத் திருத்துவார். ஒரு லைன் டிரிப் ஆனால் இரண்டு முனையிலும் இரண்டு ஆபரேட்டர்கள் நேரம் எழுதுவார்கள். ஒருவர் கடிகாரம் 4 நிமிடம் தள்ளி ஓடினால் எது முதலில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. இது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு நள்ளிரவில் பில் போடுவது நின்றுபோனது. அப்ளிகேஷன் மெஷினில் 02.10-க்கு 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று இருந்தது. டேட்டாபேஸ் மெஷினில் 02.10-ஐச் சுற்றி ஒன்றுமே இல்லை. விடியும்வரை தேடினேன். டிஸ்க் நிரம்பிய வரி முந்தின நாள் தேதியில் 20.40-இல் கிடந்தது. ஒன்று இந்திய நேரம், மற்றது கிரீன்விச் நேரம். நடுவே சரியாக ஐந்தரை மணி. இரண்டும் ஒரே நொடி.

கணினிகளின் கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் என்.டி.பி.யை பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985-இல் எழுதி வைத்தார். 2024 ஜனவரியில் அவர் இறந்த செய்தியைப் படித்தபோது, அந்த ரேடியோ பீப்புக்குக் காத்து, ஸ்டூல்மேல் ஏறி, முள்ளில் விரல் வைத்து நிற்கும் அப்பாதான் கண்ணில் தெரிந்தார். ஆனால் என்.டி.பி. நொடியை மட்டும்தான் ஒத்துப்போக வைக்கும். எந்த ஊர் நேரத்தில் எழுதுவது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அதனால் நேற்று ராத்திரி இரண்டாவது மெஷினையும் திறந்தவுடன், அதன் ஃபைலுக்கு கிரீன்விச் நேரம் என்று எல்நேவிடம் முதலில் சொல்லிவிட்டேன். இரண்டு மெஷினின் வரிகளும் இந்திய நேரப்படி ஒரே வரிசையில் பின்னிக்கொண்டு நின்றன. அப்பா தூக்கம் வராமல் எழுந்து வந்தார். வயது 79. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் விரலை ஓட்டினார்.

"இவன் மணிக்கு மணி எழுதறான் பாரு. 21.17, 22.17, 23.17."

உபுண்டுவில் மணிக்கொருமுறை செய்யும் வேலைகள் 17-ஆவது நிமிடத்தில் ஓடும், அதற்கு ஒரு வரி விழும். பல வருஷமாகப் பார்க்கிறேன், நின்று பார்த்ததில்லை.

"அந்த இன்னொருத்தன் 47-ல எழுதறான். ரெண்டு பேரும் கடிகாரம் ஒத்துப் பாக்கலையா?"

"ஒத்துத்தான் இருக்குதுங்கப்பா. அவனும் 17-லதான் எழுதறான். அவன் கடிகாரம் கிரீன்விச் கடிகாரம். அஞ்சரை மணி சேர்த்தா நமக்கு 47-ன்னு தெரியுது."

கொஞ்ச நேரம் யோசித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 12.15. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஒன்றும் பேசவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது. திரையின் அடியில் 00.17 என்று ஒரு வரி வந்து விழுந்தது.

"ம், எழுதிட்டான்" என்றார்.