கப்பலின் உள்ளறை

சங்ககிரி கடலைக் காணாத ஊர். சேலத்திற்கும் ஈரோட்டிற்கும் இடையே பரந்து கிடக்கும் சமவெளியில் தன்னந்தனியே எழுந்து நிற்கும் குன்றமும், அக்குன்றின்மீது அடுக்கடுக்காய் அமைந்த கோட்டை மதில்களும், 1805-ஆம் ஆண்டில் அங்கே தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் நினைவும் அவ்வூரின் பெருஞ்செல்வங்கள். மண்ணோ வானம் பார்த்த மண். மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரை நம்பி வாழ இயலாமை கண்ட மக்களுள் பலர் சக்கரத்தை நம்பினர். அதன் பயனாகச் சங்ககிரி என்றவுடன் பிற ஊராரின் நினைவிற்கு வருவது லாரியே ஆயிற்று. சாலையோரங்களில் லாரிக்குப் 'பாடி' கட்டும் பட்டறைகள் பல. அவற்றில் தகடு தட்டும் ஓசை எழாத நாள் அரிது.

அத்தகைய ஊரில் 'கேபின்' என்னும் சொல்லை அறியாத சிறுவர் இலர். ஓட்டுநர் அமர்ந்து லாரியைச் செலுத்தும் சிற்றறையே கேபின். இருக்கைக்குப் பின்னே ஓர் ஆள் படுக்குமளவு பலகை ஒன்று இருக்கும்; ஒருவர் ஓட்ட, மற்றவர் அதில் உறங்குவார். கடலிற் செல்லும் கப்பலில் பயணி தங்கும் அறைக்கும் அதுவே பெயர் என்பதை முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் அறிய நேர்ந்தது, 2023-ஆம் ஆண்டில்தான்.

முன்னாளில் தமிழர் கப்பலேறியது களிப்பிற்காக அன்று, வயிற்றுப் பிழைப்பிற்காக. 1926-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் மக்களை ஏற்றிச் சென்றது. மலேயாத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளருள் சேலம் மாவட்டத்தாரும் உண்டு. அவர்களுட் பெரும்பாலார் 'டெக்' பயணிகள். அவர்களுக்கு அறை என்பதே இல்லை. கப்பலின் தளத்தில் பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து, பல நாள்கள் கிடந்து சென்றனர். கடலைக் காண ஒரு சன்னல் இல்லையே என்று அவர்கள் ஏங்கியிரார். ஒதுங்கி உடை மாற்ற ஒரு சுவர் இல்லையே என்றுதான் பெண்டிர் ஏங்கியிருப்பர்.

அக்காலம் கடந்தது. சென்ற இடத்தில் தங்குவதற்காக அன்றிச் செல்வதற்காகவே செல்லும் உல்லாசக் கப்பல் தமிழ்நாட்டிற்கும் வந்தது. பிரான்சு நாட்டின் செயின்ட் நசேர் நகரிற் கட்டப்பெற்று 1990-ஆம் ஆண்டில் முதற்பயணம் மேற்கொண்ட கப்பல் ஒன்று, பல பெயர்களும் பல கடல்களும் கண்டு, 'எம்பிரஸ்' என்னும் பெயருடன் 2022 ஜூன் மாதத்திற் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் அதுவே இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் செல்லலாயிற்று. இருநூறு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும், ஏறத்தாழ எண்ணூறு அறைகளும் உடைய கப்பல் அது. லாரிகளை வரிசையாக நிறுத்தினால், இருபதுக்கு மேற்பட்டவை அதன் நீளத்திற்குள் அடங்கும்.

அத்தகைய கப்பல்களில் அறைகள் பெரும்பாலும் மூவகைப்படும். கடலை நோக்கிய சிறு மாடத்தோடு கூடியது ஒன்று. திறக்க இயலாத கண்ணாடிச் சன்னல் மட்டும் உடையது மற்றொன்று. இவ்விரண்டும் கப்பலின் விளிம்பை ஒட்டி அமைபவை. இவற்றிற்கு உள்ளே, கப்பலின் நடுவயிற்றில், சன்னலே இல்லாமல் அமைந்திருப்பது உள்ளறை. கட்டணத்தில் அதுவே கடைசி. மதிப்பிலும் கடைசி என்று பலர் கருதுவர், அக்கருத்து ஆராய்தற்குரியது.

ஓட்டுநரின் மகன் பெற்றோரைக் கப்பலில் அனுப்ப விரும்பினான். கடலையே அறியாது வாழ்ந்த அன்னைக்கு மாடத்தறையே வேண்டும் என்பது அவன் எண்ணம். கட்டணத்தைக் கேட்ட தாயோ நகைத்தாள். "ஏஞ்சாமி, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே உட்கார்ந்து பார்க்கறதுக்கா அத்தனை பணம்? மேலே ஏறிப் போனா எல்லாத்துக்கும் ஒரே கடல்தானே!" என்றாள். அவள் கூற்றில் சிக்கனம் மட்டும் இல்லை, உண்மையும் இருந்தது. கப்பலின் மேற்றளமும், அதில் இடப்பட்ட இருக்கைகளும், உணவுக்கூடமும், அரங்கும் பயணிகள் அனைவர்க்கும் பொது. உள்ளறையார்க்கு வேறு உணவு, வேறு கடல் என்பது இல்லை.

உள்ளறை என்று முடிவாயிற்று. எந்த உள்ளறை என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலார் கட்டணப் பட்டியலைப் பார்த்து அறையைத் தேர்வர். கப்பலின் வரைபடத்தைப் பார்ப்பவர் சிலரே. பார்க்க வேண்டியது வரைபடத்தை. அலையில் ஏறி இறங்கும் கப்பல், ஒரு துலாக்கோலைப் போன்றது. துலாக்கோலின் இரு முனைகளும் உயர்ந்து தாழும்போது நடுப்பகுதி சிறிதே அசையும். அவ்வாறே கப்பலின் முன்முனையும் பின்முனையும் மிகுதியாக ஆட, நடுவும் கீழ்த்தளங்களும் குறைவாகவே ஆடும். மகன் இதனைக் கணினியில் தேடி அறிந்து சொல்லுமுன் தந்தைக்கு விளங்கிவிட்டது. நாமக்கல் முட்டைகளை ஏற்றித் தொலைதூரம் ஓட்டியவர் அவர். பின்னச்சுக்கு அப்பால் அடுக்கிய அட்டைகளே மிகுதியும் குலுங்கும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. "நடுவுல கேளு, கண்ணு" என்று அவர் ஒரே சொல்லில் முடித்தார்.

ஆயினும் நடு என்பது மட்டும் போதாது. அறைக்கு மேலும் கீழும் யாது உள்ளது என்பதையும் நோக்க வேண்டும். மேலே நடன அரங்கு இருப்பின் நள்ளிரவு வரை தாளம் கேட்கும். சமையற்கூடம் இருப்பின் விடியுமுன் பாத்திரம் உருளும். மின்தூக்கியின் வாயிலில் இருப்பின் வருவோர் போவோர் பேச்சு ஓயாது. மேலும் அறைகள், கீழும் அறைகள் எனும்படி அமைந்த இடமே தூக்கத்திற்கு உகந்தது. அறை எண்ணைப் பின்னர் நிறுவனமே ஒதுக்கிக்கொள்ளும் என்னும் உடன்பாட்டிற்குக் கட்டணம் இன்னும் குறைவதுண்டு. ஆனால், தூக்கம் எளிதிற் கலையும் இயல்பினர் அக்குறைவிற்கு ஆசைப்படலாகாது.

உள்ளறையின் குறையையும் மறைத்தல் கூடாது. கப்பலின் ஆட்டத்தைச் செவியின் உட்பகுதி உணர, கண்ணோ அசையாத சுவர்களையே காண்கிறது. இம்முரண்பாட்டினால் மூளை குழம்பிச் சிலர்க்குத் தலைசுற்றலும் குமட்டலும் தோன்றும். சன்னலுடைய அறையில் இருப்பவர் அடிவானத்தை நோக்கிச் சற்று ஆறுதல் பெறலாம். உள்ளறையார் படியேறி மேற்றளத்திற்குத்தான் செல்ல வேண்டும். இக்குறையை ஓரளவு நீக்கக் கருதி, 2011-இற் பயணம் தொடங்கிய 'டிஸ்னி டிரீம்' என்னும் கப்பலின் உள்ளறைகளில், வெளியே உள்ள படக்கருவி காட்டும் கடற்காட்சியை வட்டச் சன்னல் போன்ற திரையில் தோன்றச் செய்தனர். சன்னல் இல்லாத அறைக்குச் சன்னலின் படத்தையாவது மாட்ட வேண்டும் என்று மனிதன் விரும்புவது வியப்புக்குரியதே.

ஓட்டுநரும் மனைவியும் சென்ற கப்பலில் அத்தகைய திரை இல்லை. கதவைத் திறந்ததும் ஏறத்தாழ 120 சதுர அடி அறை. இரு படுக்கை, ஒரு சிறு மேசை, ஒரு கண்ணாடி, ஒரு குளியலறை. அவர் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார், தகடு. காந்தக் கொக்கி ஒட்டும் என்று மகிழ்ந்து, துண்டும் பையும் மாட்ட இடம் பார்க்கத் தொடங்கினார். அவளோ வாயிலிலேயே நின்றாள்.

அவளுடைய தயக்கத்திற்குக் காரணம் இருந்தது. முப்பது ஆண்டுகள் அவள் படுத்துறங்கியது தெருவோரச் சன்னலின் கீழ். கணவர் எந்த நாள், எந்த வேளையில் திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. கொல்கத்தாவிலிருந்தும் நாகபுரியிலிருந்தும் வரும் லாரி நள்ளிரவிலும் வரும், பின்னிரவிலும் வரும். தொலைவில் சாலைத் திருப்பத்தில் எழும் எஞ்சின் ஓசையைக் கேட்டே, தம் வண்டியா பிறர் வண்டியா என்று அவள் அறிவாள். தம் வண்டியாயின் எழுந்து அடுப்பு மூட்டுவாள். சன்னலே இல்லாத அறையில் அவள் ஒருநாளும் படுத்ததில்லை.

"ஏனுங்க, இதுக்குள்ளே பொழுது விடிஞ்சா எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

அவரிடம் விடை இல்லை. மேசைமேல் ஒரு கடிகாரத்தை எடுத்து வைத்தார். குளியலறை விளக்கை ஏற்றி, கதவைச் சிறிதே திறந்து வைத்தார். கீற்றுப்போல் ஒளி தரையில் விழுந்தது. உள்ளறையிற் பழகியோர் கையாளும் முறையும் அதுவே. முழு இருளில் எழுந்து நடப்பவர் எதிலேனும் மோதிக்கொள்வர்.

கப்பல் புறப்படும் வேளையிற் பயணிகள் அனைவரையும் உரிய இடத்திற் கூட்டி, இடருற்றால் செய்ய வேண்டுவனவற்றைக் கற்பித்தனர். 1912-இல் 'டைட்டானிக்' மூழ்கியபின், 1914-இல் இலண்டனிற் கூடிய நாடுகள் கடற்பாதுகாப்பு விதிகளை வகுத்தன. பின்னும் நூறாண்டு அளவில், 2012-இல், இத்தாலியக் கரையருகே 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு இப்பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை என்பது தெரிய வந்தது. அதனால் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி அளித்தே தீரவேண்டும் என்னும் விதி பிறந்தது. உள்ளறையில் தங்குவோர்க்கு இப்பயிற்சி பிறரினும் இன்றியமையாதது. ஓட்டுநர் தம் அறையிலிருந்து படிக்கட்டு வரை உள்ள கதவுகளை இருமுறை எண்ணினார். மனைவியையும் எண்ணச் செய்தார்.

அன்றிரவு அவர் உறங்கிய உறக்கம் அவள் முன்பு கண்டறியாதது. இரவெல்லாம் விழித்து ஓட்டியும், பகலில் முகத்தைத் துண்டால் மூடி உறங்கியும் பழகிய உடல், ஓய்வு பெற்ற பின்னும் ஊரில் இரவுத் தூக்கத்தை மறந்திருந்தது. கண்ணில் ஒளி படும்போது, உறக்கத்திற்குத் துணைபுரியும் 'மெலட்டோனின்' என்னும் சுரப்பு குறையும். இருளில் அது பெருகும். தெருவிளக்கும் விடியலும் நுழையாத உள்ளறையின் இருள் அவருக்கு மருந்தாயிற்று. அவள் நெடுநேரம் விழித்திருந்தாள். கப்பலின் பொறி எங்கோ ஆழத்தில் ஒரே சீராக அதிர்ந்துகொண்டிருந்தது. செவி வழக்கம்போல் எதையோ எதிர்நோக்கியது; எதிர்நோக்கப்படுபவர் அடுத்த படுக்கையிற் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இதனை எண்ணியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது என்று பின்னர் மருமகளிடம் கூறினாள்.

மறுநாள் முதல் அறை அவர்களுக்கு உறங்கவும் உடுக்கவும் மட்டுமே ஆயிற்று. மாடத்தறையார் தத்தம் மாடங்களில் தனித்தனியே அமர்ந்திருந்த காலை வேளையில், இவ்விருவரும் மேற்றளத்தில் நின்றனர். பறக்கும் மீன்கள் வெள்ளிக் காசுகளைப்போல் அலைமேல் தெறித்தோடின. கடல் பச்சையாய்த் தொடங்கி, நீலமாகி, ஆழம் மிகுந்த இடத்திற் கருநீலமாகத் தோன்றியது. திருகோணமலையை நெருங்கியபோது நீரிலிருந்து குன்றுகள் எழுவதைக் கண்டு, "நம்ம மலையாட்டம் இருக்குதுங்க" என்றாள் அவள். சமவெளியில் தனித்து நிற்கும் மலையைப் பார்த்தே வளர்ந்தவளுக்குக் கடலும் ஒரு சமவெளியாகவே தோன்றியது போலும்.

நண்பகல் வெயிலுக்கு அஞ்சி அறைக்குத் திரும்புவர். அங்கே நோக்குவதற்கு யாதும் இல்லை. ஆதலின் பேசினர். எந்த மலைப்பாதையில் நிறுத்துப்பொறி பழுதுற்றது, எந்த ஆண்டு வெள்ளத்தில் மூன்று நாள்கள் பாலத்தருகே பட்டினி கிடந்தது என்பனவற்றை அவர் சொன்னார். அவை எவையும் அவள் அறியாதவை. அவள் அஞ்சுவாள் என்று அவர் வீட்டிற் சொன்னதில்லை. மகனுக்குக் காய்ச்சல் கண்டு இரவில் வண்டியில்லாமல் அவனைத் தோளிற் சுமந்து மருத்துவமனைக்கு நடந்ததை அவளும் அன்றுதான் சொன்னாள். அவர் மறுமொழி கூறாது, காந்தக் கொக்கியில் தொங்கிய துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி இரவு. அறையில் இருள்; கடிகாரம் துண்டின்கீழ் மறைந்திருந்தது. அவள் திடீரென்று கண்விழித்தாள். பொறியின் ஓசை தாழ்ந்திருந்தது. அதிர்வின் இடைவெளி நீண்டிருந்தது. கணவரின் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"எந்திரிங்க. வேகத்தைக் குறைச்சிட்டாங்க, ஊர் வந்திருச்சு."

அவர் செவியைக் கூர்மையாக்கினார். முப்பதாண்டு எஞ்சின் ஓசையோடு வாழ்ந்த அவருக்கு வேறுபாடு ஒன்றும் புலப்படவில்லை. ஆயினும் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவுகளை எண்ணியபடியே அவளுடன் படியேறினார். மேலே வானம் இன்னும் வெளுக்கவில்லை. சென்னைத் துறைமுகத்தின் விளக்குகள் நேர் எதிரே எரிந்துகொண்டிருந்தன.