கடலுக்குத் தரையான கருங்கல்

ரெட்டியார்சத்திரம் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களுக்கு மூன்றே சங்கதி: மண், சுக்கான், பாறை. பாறை தட்டிவிட்டால் வெடிதான். பார்வைக்கு அடுக்குப் போலிருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படிந்ததல்ல அது. அடிப்பாறையே மேலிருந்து கீழாக மக்கிக்கொண்டு வருகிறது. எங்கள் கிணற்றில் மேல்மண் கீழ்ப்பாறையின் பிள்ளை.

அங்கிருந்து கிளம்பித் திருச்சியைத் தாண்டி, பாடாலூரில் பிரிந்து, பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போனேன். கண் கூசியது. புல் முளைக்காத களிமண் மேடுகள், மழை அறுத்த ஓடைகள், பழுப்பும் சாம்பலும் மஞ்சளுமாக வரி வரியாக மண். இடையிடையே மினுங்கும் ஜிப்சம் தகடுகள். குனிந்த இடமெல்லாம் பெலம்னைட்: கணவாய் இனத்து உயிரின் உள்ளோடு, துப்பாக்கித் தோட்டா மாதிரி. கடல் இன்று சுமார் 100 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கேயே இருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "கல்லு பொறுக்க வந்தீங்களா?"

"பார்க்கத்தான் வந்தேங்க ஐயா."

"இதுல என்னத்தைப் பார்க்க? ஆட்டுக்குக் கடிக்கப் புல்லுகூட இல்லை."

அவர் கேட்டது நியாயம்தான். பார்க்கத் தெரிவதற்கே உலகத்துக்கு வெகுகாலம் ஆயிற்று. டென்மார்க்கில் பிறந்து பிளாரன்ஸில் சுறாவின் தலையை அறுத்துப் பார்த்தவர் ஸ்டெனோ. கல்லில் கிடைக்கும் 'நாக்குக் கற்கள்' சுறாப் பற்களே என்று சொன்னார். அடியில் கிடக்கும் படிவே மூத்தது என்ற விதியை 1669இல் எழுதினார். இன்று பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற விதி, அன்று துணிச்சல். அதன்பின் இங்கிலாந்தில் கால்வாய் வெட்ட நிலம் அளந்த வில்லியம் ஸ்மித், ஒவ்வோர் அடுக்குக்கும் தனக்கே உரிய புதைபடிவங்கள் உண்டு என்று கண்டு, 1815இல் வரைபடமே போட்டுவிட்டார்.

அந்த வித்தை இந்த மண்ணுக்கும் வந்தது. கே, கன்லிஃப் என்ற இரு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் பொறுக்கிய சிப்பிகளை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து, ஐரோப்பாவின் கிரெட்டேசியஸ் காலத்தோடு பொருத்தினார். சிப்பியை வைத்தே கண்டம் கடந்து வயது சொன்ன வேலை அது. நிலத்தில் நடந்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என அடுக்குகளைப் பிரித்தவர் பிளான்ஃபோர்ட், 1862இல் வெளியிட்டார். அந்தப் புதைபடிவங்களை ஒவ்வொன்றாக விவரித்து எழுதிய ஸ்டோலிச்கா 1874இல் லடாக் மலைப்பாதையில் இறந்துபோனார். அடுக்குகளுக்கு ஊட்டத்தூரின் பெயர் நிலைத்தது. ஊட்டத்தூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ!

எனக்கு மலைப்பு தந்தது இந்தப் படுகையின் மேற்கு ஓரம்தான். ஊட்டத்தூர்ப் பக்கம் கடற்படிவுகள் பழைய கெட்டிப்பாறைமேல் நேராகப் படிந்த இடங்கள் உண்டு. எங்கள் கிணற்றில் வெடி வைக்கிறோமே, அந்தச் சாதிப் பாறை. 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. அதன்மேல் 10 கோடி ஆண்டுக் கடல்மண். நடுவே குறைந்தது 40 கோடி ஆண்டுகளுக்கு அங்கே ஏடு இல்லை. 1788இல் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயிண்டில் இப்படி ஓர் இடைவெளியில்தான் ஜேம்ஸ் ஹட்டன், பூமியின் வயது மனிதக் கணக்குக்குள் அடங்காது என்ற தன் வாதத்துக்குச் சான்று கண்டார். அந்த இடைவெளி ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுதான்.