இடையம் என்பது ஒரு நாள் அல்ல

மூளைக் கட்டியிலிருந்து எடுத்த சின்னத் துண்டு ஒன்றை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிசாய்ச் சீவி, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைக்கிறார்கள். கலங்கள் என்ன வடிவம்? எவ்வளவு வேகமாய்ப் பிரியுது? நடுவில செத்துப்போன இடங்கள் இருக்கா? இதையெல்லாம் வைத்து ஒரு மனுசருக்கு இனி என்ன நடக்கும் என்று ஊகிக்கலாமா? 1926 இல் அமெரிக்காவில் பெய்லியும் குஷிங்கும் கலங்களின் தோற்றத்தையும் நோயாளிகள் உயிரோடு இருந்த காலத்தையும் பொருத்திப் பார்த்தது இதற்காகத்தான்.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இதில என்ன வேலை எண்டு கேட்பீங்கள். எங்கட பட்ச் தோழியின்ர மாமா கனடாவில் இருக்கிறார். அவருக்குக் கிளையோபிளாஸ்டோமா. ரிப்போர்ட் வட்ஸ்அப்பில் வந்தது. அம்மம்மா கேட்டது ஒரே கேள்வி: "அவன் இன்னும் எவ்வளவு காலம் இருப்பானாம் பிள்ளை?" அவள் அந்தக் கேள்வியை எங்களிட்டக் கொண்டுவந்தாள். நாங்கள் நாலு பேரும் நூலகத்தில் இருந்து வரி வரியாய் வாசித்தோம்.

முதலில், ஐ.டி.எச். மாற்றம் இல்லை என்று இருந்தது. நுணுக்குக்காட்டியில் ஒரே மாதிரித் தெரியும் கட்டிகளில், இந்த மாற்றம் உள்ளவர்கள் பொதுவாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். 2021 இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றுக்கு வேறு பெயரே கொடுத்துவிட்டது. ஆக, இது நல்ல செய்தி இல்லை.

அடுத்தது எம்.ஜி.எம்.டி. மெதிலேற்றம் உண்டு. டெமொசோலொமைட் மருந்து கட்டியின் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தும், அந்தச் சேதத்தைத் திருத்துகிற புரதத்தை உண்டாக்குவது இந்தப் பரம்பரையலகு. மெதிலேற்றம் அதை அடக்கிவிட்டால் கட்டியால் தன்னைத் திருத்துவது கஷ்டம். மருந்துக்கு அது வாய்ப்பு. 2005 இல் வெளிவந்த ஆய்வில், இப்படிப்பட்டவர்களில் கதிர்ச் சிகிச்சையோடு மருந்தும் எடுத்தவர்களின் இடைய ஆயுள் 21.7 மாதங்கள், கதிர்ச் சிகிச்சையோடு தொடங்கியவர்களுக்கு 15.3.

இந்த இடத்தில்தான் எங்களுக்குள்ள சண்டை வந்தது. "இருபத்தொரு மாதம் எண்டு சொல்லிவிடு, தாய்க்குத் தெரியவேணும்" என்றாள் ஒருத்தி. "அந்த வயசில மனுசிக்குக் கணக்குச் சொல்லப்போறியா?" என்றான் மற்றவன்.

இடையம் ஓ.எல். கணக்கில் படிச்சதுதான். பாதிப்பேர் அதற்கு முதலே, மீதிப்பேர் அதற்குப் பிறகு. அது ஒருவருக்குக் குறிச்ச திகதி இல்லை. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற விஞ்ஞானிக்கு 1982 இல் வேறொரு புற்றுநோய் வந்தபோது இடைய ஆயுள் எட்டு மாதம் என்று வாசித்தார். அதன்பின் இருபது வருடம் இருந்தார். அதைக் காட்டி மாமாவும் அப்படித்தான் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கிளையோபிளாஸ்டோமாவில் நீண்டகாலம் வாழ்பவர்கள் குறைவு. ஆனால் தனி ஒருவரின் நாளை அந்தத் துண்டு சொல்லாது என்பதும் உண்மை.

தோழி அம்மம்மாவிடம் இப்படிச் சொன்னாள்: "வருத்தம் கடுமைதான் அம்மம்மா. மருந்து கேட்கக்கூடிய வகை எண்டு எழுதியிருக்கு. நாள் ஒருத்தருக்கும் தெரியாது." அம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கிழமைக்கு ஒருக்கா எடுக்கிற வீடியோ கோலை இனி ஒவ்வொரு நாளும் எடுக்கச் சொன்னாவாம்.

உங்கட வீட்டுக்கும் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் இலக்கத்தை மட்டும் தேடாதீங்கோ. இது எந்த வகை, எந்த மருந்து கேட்கும், இவருடைய வயதும் உடல்நிலையும் எதை மாற்றும் என்று டொக்டரிட்டக் கேளுங்கோ.