விச்சென்சாவில் நம் இளமைக்கால வீரர்

2023-ஆம் ஆண்டு பதுவை நகரில் புனித அந்தோனியாரின் கல்லறையைத் தொட்டுச் செபித்த மறுநாள், உடன் வந்த திருப்பயணிகள் ஓய்வு கொள்ள, நாம் மட்டும் இரயிலேறினோம். சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விச்சென்சாவுக்குக் கட்டடக் கலைஞர் பல்லாதியோவின் மாளிகைகளைக் காணவே உலகோர் வருகின்றனர். நாம் சென்றதோ ஒரு கால்பந்து வீரரை நாடி.

1982-இல் நமக்கு வயது 11. பங்கு இல்லத் திண்ணையில் கிடந்த நாளிதழில், இரு கைகளையும் உயர்த்தி ஓடிவரும் மெலிந்த இளைஞர் ஒருவரின் படத்தைக் கண்டோம். அவரே பவுலோ ரோஸ்ஸி. தொலைக்காட்சி எட்டாத நம் சிற்றூரில், அப்படமே பல ஆண்டுகள் நம் கணக்குப் புத்தகத்தில் குடியிருந்தது.

விச்சென்சாக் கழகத்துக்காக ஆடியே அவர் புகழ்பெற்றார். 1977-78 பருவத்தில் 24 கோல்கள் அடித்து இத்தாலியின் முதல்நிலைப் போட்டிகளில் முதலிடம் பெற்றார். அரங்கின் முன்னுள்ள வீதி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும் 1980-இல், ஆட்ட முடிவுகள் பணத்துக்கு விற்கப்பட்டன என்ற வழக்கில் அவர் பெயரும் அடிபட்டது. விதிக்கப்பட்ட மூன்றாண்டுத் தடை பின்னர் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. தாம் குற்றமற்றவர் என்றே அவர் சொல்லிவந்தார். தடை நீங்கிய சில வாரங்களிலேயே, பயிற்சியாளர் என்சோ பேர்சோத் அவரை உலகக் கோப்பை அணியில் சேர்த்தார். முதல் நான்கு ஆட்டங்களிலும் ரோஸ்ஸி ஒரு கோலும் அடிக்கவில்லை. ஏடுகள் ஏசின, பேர்சோத்தோ அவரைக் கைவிட்டாரில்லை. ஐந்தாம் ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக மூன்று கோல்கள்! அரையிறுதியில் போலந்துக்கு எதிராக இரண்டு!

ஜூலை 11 அன்று மாட்ரிட் நகரில் இறுதி ஆட்டம். எதிரணி மேற்கு ஜெர்மனி. முற்பாதியில் கப்ரீனி பெனால்டி வாய்ப்பைத் தவறவிட்டார். 57-ஆம் நிமிடத்தில், ஜென்டீலே வலப்புறமிருந்து அனுப்பிய பந்தை ரோஸ்ஸி தலையால் முட்டி முதற் கோலாக்கினார். தர்தெல்லியும் அல்தொபெல்லியும் தொடர்ந்தனர். இத்தாலி 3-1 என வென்றது. 85 வயதான குடியரசுத் தலைவர் பெர்த்தினி எழுந்து நின்று குழந்தைபோல் ஆர்ப்பரித்தார். 40 வயதான தலைவர் தீனோ சோஃப் கோப்பையை உயர்த்தினார்.

ரோஸ்ஸி 2020 டிசம்பர் 9-ஆம் நாள் தம் 64-ஆம் வயதில் மறைந்தார். விச்சென்சாப் பேராலயத்தில் நடந்த அடக்கச் சடங்கில், 1982-இன் தோழர்களே அவரது பேழையைத் தோளில் சுமந்தனர். அப்பேராலயத்தின் இருக்கையொன்றில் அமர்ந்தபோது, நம் வீரரை ஒருவாறு சந்தித்துவிட்டதாகவே உணர்ந்தோம்.

அங்கேயே மற்றொரு முகமும் நினைவில் எழுந்தது. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், உண்டியல் பணம் குறைந்ததென்று ஓர் இளைஞன்மீது ஐயம் எழுந்தது. இளையோர் கால்பந்து அணியினின்று அவனை விலக்கினோம். குற்றம் மெய்ப்படவில்லை, ஆயினும் அவனைத் திரும்ப அழைக்க நாம் துணியவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்றஞ்சினோம். ரோஸ்ஸியின் படத்தை நெஞ்சில் சுமந்தோமேயன்றி, பேர்சோத்தின் துணிவை நாம் கற்கவில்லை.

ஊர் திரும்பியதும் அவன் வீட்டைத் தேடிச் சென்றோம். இன்று அவன் இரு குழந்தைகளின் தந்தை. மன்னிப்புக் கேட்டோம். சற்று நேரம் தலைகுனிந்திருந்தான். பின்பு, "உள்ளே வாங்க சாமி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.